துரையின் ஊரைத் தேடிப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் சில கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு கதை இருக்கும். பூட்டன் ஒருவர் வெள்ளைக்காரர், ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர், தோட்டம் பார்த்தார் அல்லது ரோட்டுப் போட்டார், காய்ச்சலில் செத்துப்போனார் அல்லது ஊருக்குத் திரும்பிவிட்டார். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. மலையகத்தில் இந்தக் கதை இன்னும் அதிகம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் இப்போது இதைக் கிளறுகிறார்கள். "அன்ரி, அவர் எந்த ஊர் ஆள் என்று கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கண்டுபிடிக்கலாம். உலகத்தில் சாதாரண சனத்தைப் பற்றி ஒழுங்காக எழுதிவைத்த நாடுகளில் ஸ்கொட்லாந்தும் ஒன்று. ஆனால் தேடலை எங்கே தொடங்குகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

நான் காணிப் பதிவகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பழைய உறுதிகளையும் மங்கிப்போன கையெழுத்தையும் வாசித்தே என் வேலைக்காலம் கழிந்தது. என் அம்மம்மாவின் பூட்டன் அப்படி ஒரு துரை. 1840களில் ஐரோப்பியர்கள் யாழ் குடாநாட்டில் பளையைச் சுற்றியுள்ள பச்சிலைப்பள்ளிப் பக்கம் காடு வெட்டித் தென்னந்தோட்டங்கள் போட்டார்கள். அப்படியான ஒரு தோட்டத்தில் பிற்காலத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். அவரைத் தேடியபோது நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இங்கே தேடுங்கள்

ஸ்கொட்லாந்தில் தொடங்காதீர்கள். கையில் வெறும் குடும்பப் பெயரும் "அபர்டீன் பக்கமாம்" என்ற பேச்சும் மட்டும் இருந்தால், அங்கே ஒரே பெயரில் நூறு பேர் வந்து நிற்பார்கள். கடலைத் தாண்டுவதற்கு முன் மூன்று விஷயங்கள் கையில் வேண்டும்: அவருடைய முழுப் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டில் பிறந்தார் என்பது, தாய் தகப்பனில் ஒருவருடைய பெயர் அல்லது ஊரின் பெயர். இந்த மூன்றும் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்க வாய்ப்பு உண்டு.

வீட்டில் இருக்கிற மூத்தவர்களிடம் முதலில் போங்கள். கேள்வி கேட்டு மடக்காமல் கதைக்க விடுங்கள். அப்புறம் றங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் பிறப்பு இறப்புகளை எழுதுவது எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் வழக்கம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எத்தனையோ வீடுகளில் இவை போய்விட்டன. எங்கள் வீட்டு வேதாகமம் தப்பியதற்குக் காரணம் என் பெரியம்மா. அரிசிப் பைக்குள் அதைத் திணித்துக்கொண்டு சாவகச்சேரி மட்டும் நடந்தவர் அவர். உங்கள் வீட்டில் இல்லையென்றால் சகோதர வழியில், மச்சாள் வீட்டில், கொழும்பில் இருக்கிற ஒருவரிடம் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது தேவாலயப் பதிவேடு. மெதடிஸ்த மிசன் இலங்கைக்கு வந்தது 1814இல். அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கியது, சர்ச் மிசனரி சங்கம் 1818இல். ஸ்கொட்லாந்துக்காரர் பெரும்பாலும் பிரெஸ்பிட்டேரியன் சபையினர். அவர்களுடைய ஸ்கொட்ஸ் கேர்க் என்ற தேவாலயம் கொழும்பிலும் கண்டியிலும் இருந்தது. வடக்கில் பிள்ளை பிறந்தால் கிட்ட இருந்த சபையில், அல்லது தாயின் சபையில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆகவே ஒரு சபையில் இல்லையென்றால் மற்றதிலும் பாருங்கள். கத்தோலிக்கப் பதிவேட்டையும் விடவேண்டாம். போதகருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். பக்கங்கள் பொடியாக உதிரும் புத்தகங்கள் இவை. மெல்லப் புரட்டுங்கள். படம் எடுக்க விட்டால் எடுங்கள். விடாவிட்டால் அந்த வரிசை முழுவதையும், ஞானத்தாய் தகப்பன் பெயர் உட்பட, எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டு வாருங்கள். நமக்குத் தேவையான சொல்லை மட்டும் எடுத்துவந்தால் நாளைக்கு எது தேவைப்படும் என்று இன்றைக்குத் தெரியாது.

எங்களுக்குத் திருப்பம் கிடைத்தது அங்கேதான். 1861ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவில் தகப்பனுடைய முழுப் பெயர் இருந்தது. முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே இன்னொரு குடும்பப் பெயர். மில்ன், பார்க்லே, பர்னெட் என்பது போல ஒரு குடும்பப் பெயர் நடுவில் நின்றால் அதைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஸ்கொட்லாந்தில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரை, அல்லது பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது பரவலான வழக்கம். அந்த ஒரு பெயர் கிடைத்தால் தாய் தகப்பன் இருவரையும் சேர்த்துத் தேடலாம்.

இங்கே பார்க்கவேண்டிய இன்னும் சில இடங்கள். ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி இலங்கையில் உள்ள ஐரோப்பியர் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913இல் அச்சிட்டார். இன்று கல் உடைந்துபோன இடங்களிலும் அதில் வாசகம் இருக்கும். பெர்குசன் டைரக்டரி தோட்டங்களையும் தோட்டத் துரைமாரையும் காலத்துக்குக் காலம் பட்டியல் போட்டது. அதை நடத்தியவர்களே ஸ்கொட்லாந்துக்காரர்கள். 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையில் மரணச் செய்திகளைத் தேடலாம். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் ஒரு தடயம். மலையகத்தில் பல்மோரல், டன்சினேன், ஹொலிரூட், அபொட்ஸ்போர்ட், ஸ்ட்ராத்ஸ்பே என்று ஸ்கொட்லாந்துப் பெயர்களைத் தாங்கி நிற்கும் தோட்டங்கள் எத்தனை. சில பெயர்கள் புகழுக்காக வைத்தவை. சில, தோட்டம் போட்டவரின் சொந்த இடத்துப் பெயர். ஆளின் பெயரோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

ஒன்றில் மட்டும் காலத்தை வீணாக்கவேண்டாம். லண்டனில் இருக்கிற, பிரித்தானிய இந்திய ஆட்சியின் ஆவணங்களான இந்தியா ஒபிஸ் ஆவணங்களில் தேடச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். இலங்கை 1802இலேயே கிழக்கிந்தியக் கம்பனியின் கையை விட்டு முடிக்குரிய குடியேற்ற நாடாகிவிட்டது. ஆகவே எங்கள் ஆட்கள் அதில் அகப்படுவது குறைவு. அரசாங்க உத்தியோகத்தரைத் தேடுகிறவர்கள் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 54 என்ற வரிசையைப் பார்க்கவேண்டும். இலங்கையிலிருந்து குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்குப் போன கடிதங்கள் அங்கே இருக்கின்றன.

1855 என்ற எல்லைக்கல்

இனி ஸ்கொட்லாந்து. அங்கே அரசாங்கப் பதிவு 1855 ஜனவரி 1இல் தொடங்கியது. அதற்கு முந்தியது எல்லாம் கோயிற்பற்றுகளின், அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட ஊர்ப்பகுதிகளின், கையில் இருந்த பதிவேடு. இரண்டையும் ஸ்கொட்லண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசாங்க இணையத்தளத்தில் பார்க்கலாம். பதிந்துகொண்டால் சுட்டியில், அதாவது பெயர் அட்டவணையில், தேடக் காசு இல்லை. மூலப் பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் காசு கட்டிக் கிரெடிட் வாங்கவேண்டும். பமிலி சேர்ச் என்ற தளத்திலும் பழைய ஞானஸ்நான, விவாகச் சுட்டிகள் இலவசமாக இருக்கின்றன. முதலில் அங்கே நன்றாகச் சலித்துவிட்டு, ஆள் இவர்தான் என்று ஓரளவு உறுதியானபின் காசு கட்டிப் படத்தைத் திறவுங்கள். எங்கள் ரூபாவில் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் பாரம்தான். எடின்பரோவில் உறவினர் இருந்தால், அங்கே உள்ள ஸ்கொட்லண்ட்ஸ் பீப்பிள் நிலையத்தில் நாட்கட்டணம் கட்டி இருந்து வேண்டிய அளவு பார்க்க முடியும். தேடவேண்டியதைப் பட்டியலாக எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

அரசாங்கப் பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது மரணப் பதிவு. இறந்தவருக்கு எண்பது வயது என்றாலும் அதில் தகப்பன் பெயர், தகப்பனின் தொழில், தாயின் பெயர், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் எல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள். இங்கிலாந்தின் பழைய மரணப் பதிவில் இது கிடையாது. விவாகப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இரு பகுதியினரின் தாய் தகப்பன் பெயர்களும் வரும். பிறப்புப் பதிவில் 1861இலிருந்து தாய் தகப்பன் எந்த நாளில் எந்த ஊரில் கலியாணம் முடித்தார்கள் என்பதுகூட இருக்கும். முதல் ஆண்டான 1855இல் இன்னும் அதிகம் கேட்டார்கள். பெற்றோரின் வயது, பிறந்த இடம், முந்திப் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்றெல்லாம். எழுதுகிறவர்களுக்கு வேலைப்பளு தாங்காமல் அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது 1855இல் ஒரு பிறப்போ இறப்போ இருந்தால் அந்தப் பக்கத்துக்குக் காசு கொடுக்கத் தயங்கவேண்டாம்.

இதில் ஒரு வழி இருக்கிறது. நம் துரை 1855க்கு முன்னரே பிறந்து, ஸ்கொட்லாந்தை விட்டும் வந்துவிட்டார். அவருக்கு அங்கே அரசாங்கப் பதிவு ஒன்றும் இருக்காது. ஆனால் ஊரிலேயே இருந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் 1855க்குப் பிறகு அங்கேதான் செத்திருப்பார்கள். அவர்களுடைய மரணப் பதிவில் இருக்கிற தாய் தகப்பன் இவருக்கும் தாய் தகப்பன். எங்கள் துரையின் பெற்றோரை நான் உறுதிசெய்தது அவருடைய தம்பியின் மரணப் பதிவை வைத்துத்தான். நேர்வழி அடைபட்டால் பக்கவழியாகப் போங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மரணப் பதிவில் உள்ள தகவலைச் சொன்னவர் யார் என்று பாருங்கள். மகன் சொன்னால் ஒரு மதிப்பு. மருமகனோ அயலவரோ சொன்னால் மாமியாரின் தாயின் பெயர் அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? எங்கள் ஊரிலும் செத்தவீட்டுச் சந்தடியில் யாரோ ஒருவர் போய்ப் பதிந்துவிட்டு வருவதுதானே வழக்கம்.

படங்களைத் திறக்க ஒரு கால எல்லையும் இருக்கிறது. பிறப்பு 100 ஆண்டு, விவாகம் 75, மரணம் 50 கடந்தால்தான் இணையத்தில் பார்க்கலாம். எங்கள் தேடலுக்கு இது பெரிய தடையாக வராது.

குடிசன மதிப்பீட்டில் ஒரு குடும்பம்

இலங்கையின் முதலாவது முழுமையான குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. ஆனால் அச்சில் வந்தவை ஊர்வாரியான தொகைகள், பெயர்கள் இல்லை. ஸ்கொட்லாந்தில் 1841 தொடக்கம் 1921 வரை, பத்து ஆண்டுக்கு ஒருமுறை, வீடு வீடாக ஆட்களின் பெயரோடு எழுதிய பக்கங்கள் திறந்து கிடக்கின்றன. இங்கிலாந்தின் 1931ஆம் ஆண்டுப் பக்கங்கள் 1942இல் தீயில் அழிந்தன. ஸ்கொட்லாந்தினுடையவை எடின்பரோவில் இருந்தபடியால் தப்பின. நூறு ஆண்டு முடிந்தபிறகு அவற்றையும் பார்க்கலாம்.

துரையைப் பிடிக்க 1841, 1851 இரண்டும் முக்கியம். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பலர் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கப்பல் ஏறியவர்கள். தேயிலையால் பெயர் பெற்ற ஜேம்ஸ் டெய்லரை எடுங்கள். 1835இல் கின்கார்டின்ஷயரில் ஓக்கன்பிளே என்ற ஊருக்குக் கிட்டப் பிறந்து 1852இல் இலங்கைக்கு வந்தார். அவர் வயதுக்காரர் ஒருவர் அதே காலத்தில் வந்திருந்தால் 1841இலும் 1851இலும் ஸ்கொட்லாந்தில் ஏதோ ஒரு வீட்டில் எழுதப்பட்டிருப்பார். 1861இல் காணாமல் போயிருக்கவேண்டும். இந்த "இருக்கிறார், இருக்கிறார், இல்லை" என்ற கணக்கு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை.

1841ஆம் ஆண்டுப் பக்கத்தை வாசிக்கும்போது கவனம். பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 30 என்று இருந்தால் ஆள் 30க்கும் 34க்கும் இடையில். யார் யாருக்கு என்ன முறை என்றும் எழுதவில்லை. பிறந்த இடத்துக்கு அதே மாவட்டமா இல்லையா என்ற ஒரு சொல்தான். 1851இல் இருந்துதான் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்தக் கோயிற்பற்றில் பிறந்தார் என்பது வருகிறது. பிறந்த கோயிற்பற்றைச் சொல்கிற அந்தக் கட்டம்தான் அடுத்த புத்தகத்தின் வாசல். 1861இல் இருந்து வீட்டில் யன்னலுள்ள அறைகள் எத்தனை என்றும் எழுதினார்கள். எங்கள் துரையின் தாய் தகப்பன், ஐந்து பிள்ளைகள், ஒரு பேரப்பிள்ளை, எல்லோரும் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். தகப்பன் ஒரு பண்ணையில் கூலி. 1851இல் நம் ஆள் வீட்டில் இல்லை. நாலு மைல் தள்ளி ஒரு பண்ணையில் தோட்டவேலைக்காரனாக நிற்கிறார். துரை என்று நாங்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தவர் அங்கே ஒரு கூலிக்காரன் மகன். அதை அறிந்தபோது அவர் மீது எனக்கு முதன்முறையாகப் பாசம் வந்தது.

வீட்டில் ஆளைக் காணவில்லை என்றால் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே பண்ணை வேலைக்குப் போய் அங்கேயே தங்குவார்கள். அந்தக் கோயிற்பற்றில் உள்ள மற்றப் பண்ணைகளையும் பாருங்கள். ஃப்ரீசென் என்ற இலவசத் தளத்தில் தொண்டர்கள் படியெடுத்துப் போட்ட பகுதிகள் கொஞ்சம் இருக்கின்றன. வடகிழக்கு ஸ்கொட்லாந்துக்கு அது நல்ல உதவி. அபர்டீன், கின்கார்டின் பகுதிகளில் இருந்துதான் கோப்பித் தோட்டத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள்.

பண்ணையின் பெயர் கிடைத்தால் அதை விடாதீர்கள். ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய நில அளவைப் படங்கள் இலவசமாக உண்டு. தனி வீடு, கிணறு, வேலி வரைக்கும் தெரியும். எங்கள் நில அளவைப் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தனி இன்பம்.

கோயிற்பற்றுப் பதிவேடுகள்

1855க்கு முந்தி, ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் ஏறத்தாழ 900 கோயிற்பற்றுகள் தங்கள் புத்தகங்களில் எழுதியவைதான் எல்லாம். மிகப் பழையது பேர்த்ஷயரில் எரல் என்ற இடத்தினுடையது. 1553இல் தொடங்குகிறது. எல்லா ஊரும் அப்படி இல்லை. மலைநாட்டிலும் தீவுகளிலும் சில இடங்களில் 1800க்குப் பிறகுதான் புத்தகமே வருகிறது. ஆகவே பெயர் வராவிட்டால், முதலில் அந்தக் கோயிற்பற்றின் புத்தகம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை இருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள்.

எழுதியவர் பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். சபையின் எழுத்தராகவும் அவரே இருப்பார். ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் வலிகாமத்திலும் பச்சிலைப்பள்ளியிலும் பள்ளிக்கூடத் தோம்பு என்ற பதிவேட்டில் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் எழுதியவரும் வாத்தியார்தான். ஆகவே இந்தப் புத்தகங்களில் ஒரே அமைப்பை எதிர்பார்க்கவேண்டாம். ஒரு வாத்தியார் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பண்ணையின் பெயர், சாட்சிகள் எல்லாம் எழுதுவார். அடுத்தவர் தகப்பன் பெயரோடு நிறுத்திவிடுவார்.

ஆனால் தாயின் பெயர் எழுதியிருந்தால் அது அவளுடைய பிறந்தவீட்டுப் பெயராகவே இருக்கும். ஸ்கொட்லாந்தில் பெண்கள் சட்டத்தின் முன் தங்கள் சொந்தக் குடும்பப் பெயரை இழக்கவில்லை. கலியாணம் முடித்து நாற்பது வருடம் ஆனாலும் கல்லறைக் கல்லில் அந்தப் பெயர்தான். இதனால்தான் இணையத்தில் தேடும்போது தகப்பன் குடும்பப் பெயரையும் தாய் குடும்பப் பெயரையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறேன். ஒரு தம்பதியின் பிள்ளைகள் அனைவரும் ஒரே தேடலில் வரிசையாக வந்து நிற்பார்கள்.

அந்த வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துப் பெயர்களைப் பாருங்கள். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர், மூன்றாவதற்குத் தகப்பன் பெயர். மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர், இரண்டாவதற்குத் தகப்பனின் தாய் பெயர், மூன்றாவதற்குத் தாயின் பெயர். எல்லோரும் கடைப்பிடித்த சட்டம் இல்லை இது. ஆனாலும் அடுத்த தலைமுறையில் யாரைத் தேடுவது என்பதற்கு நல்ல வழிகாட்டி. ஒரே பெயர் அந்த வரிசையில் இரண்டு தரம் வந்தால், முந்திய பிள்ளை பெரும்பாலும் இறந்திருக்கும். அந்தக் குழந்தையின் சாவு எங்கும் எழுதப்படாமல் இருக்கலாம். மரணப் பதிவு பல கோயிற்பற்றுகளில் இல்லவே இல்லை. சில இடங்களில் சவப்பெட்டிக்கு மேல் விரிக்கும் சபைத் துணியை வாடகைக்கு எடுத்ததற்கான காசுக்கணக்கு மட்டும் இருக்கும். அந்தக் கணக்குப் புத்தகம்தான் ஒருவர் செத்ததற்கு ஒரே சாட்சி.

பதிவு இல்லாமல் போனதற்குக் காரணங்களும் உண்டு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். ஏழைகள் பலர் எழுதுவிக்காமல் விட்டார்கள். 1843இல் திருச்சபை பிளந்து சுதந்திரச் சபை என்று ஒன்று பிரிந்தது. பிரிந்துபோனவர்களின் பிள்ளைகள் பழைய சபையின் புத்தகத்தில் இருக்கமாட்டார்கள். அந்த மற்றச் சபைகளின் பதிவேடுகளும் கத்தோலிக்கப் பதிவேடுகளும் அதே அரசாங்கத் தளத்தில் தனிப் பிரிவாக இருக்கின்றன. அங்கேயும் தேடுங்கள்.

விவாகத்தைப் பொறுத்தவரை, அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் இருப்பது கலியாணம் நடந்த செய்தி இல்லை, சபையில் அறிவிப்பு வாசித்த செய்திதான். மாப்பிள்ளையும் பெண்ணும் வெவ்வேறு கோயிற்பற்று என்றால் இரண்டிலும் வாசிப்பார்கள். இரண்டு பதிவையும் திறந்து பாருங்கள். ஒன்றில் இல்லாத தகப்பன் பெயர் மற்றதில் இருக்கலாம்.

கேர்க் செஷன் என்ற மூப்பர் சபையின் கூட்டக் குறிப்புகள் இன்னொரு உலகம். கலியாணம் ஆகாமல் பிள்ளை பெற்ற பெண்ணை மூப்பர்கள் கூப்பிட்டு, தகப்பன் யார் என்று விசாரித்து, அவன் பெயரை எழுதிவைத்தார்கள். அந்தப் பெண்களுக்கு அது எவ்வளவு அவமானம் என்று வாசிக்கும்போது நெஞ்சு கனக்கும். ஆனால் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைக்கு விடை அங்கேதான் இருக்கும். இந்தக் குறிப்புகளில் பெருமளவு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சுட்டி இல்லை, பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும்.

கையெழுத்துக்குப் பயப்படவேண்டாம். 1750க்குப் பிந்தியவை பழகினால் வாசிக்கலாம். ஒரே வாத்தியாரின் பத்துப் பக்கத்தை முதலில் சும்மா வாசியுங்கள். அவர் எழுத்து கைக்கு வந்துவிடும். வில்லியம், அலெக்சாண்டர், மார்கரெட் போன்ற பெயர்களைக் குறுக்கி எழுதுவார்கள். ஜெசி என்பவள் இன்னொரு பக்கத்தில் ஜேனட்டாக இருப்பாள். எல்ஸ்பெத், எலிசபெத் ஆவாள். மக் என்று தொடங்கும் பெயர்களைப் பலவிதமாக எழுதினார்கள். ஆகவே எழுத்துக்கூட்டல் மாறுபட்டால் ஆள் வேறு என்று தள்ளிவிடாதீர்கள்.

இவர்தானா என்று எப்படி உறுதிசெய்வது

பெயரும் வயதும் பொருந்துவது போதாது. நான் தேடிய பெயரில், பொருந்தக்கூடிய வயதில், பக்கத்துக் கோயிற்பற்றுகளில் வேறு ஆட்களும் பிறந்திருந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கழித்தேன். 1861இல் ஒருவர் கொல்லனாக ஊரிலேயே இருக்கிறார் என்றால் அவர் பச்சிலைப்பள்ளியில் இருந்திருக்க முடியாது. இன்னொருவர் சிறுவயதிலேயே இறந்ததற்குக் கல்லறை வாசகம் உண்டு. அப்படிக் கழித்துக் கழித்து வந்தால் மிஞ்சுகிறவரை நம்பலாம். உங்களுக்குப் பிடித்த ஆளைத் தேர்ந்துவிட்டு ஆதாரம் தேடாதீர்கள். இணையத்தில் மற்றவர்கள் போட்டுவைத்த வம்ச மரங்களைப் பார்க்கலாம், ஆனால் மூலப் பக்கத்தைப் பார்க்காமல் எடுத்து ஒட்டாதீர்கள். காணிக் கந்தோரில் உறுதியைப் பார்க்காமல் வாய்ப்பேச்சை நம்பி யாரும் காணி வாங்குவதில்லை அல்லவா.

வெளிநாட்டில் இறந்தவருக்கு இரண்டு சாட்சிகள் ஸ்கொட்லாந்தில் இருக்கக்கூடும். ஒன்று மரணசாசனம். ஸ்கொட்லாந்தில் பணமோ பண்டமோ வைத்துவிட்டு வெளிநாட்டில் செத்தவர்களின் காரியத்தை எடின்பரோ நீதிமன்றம் கையாண்டது. அந்தச் சுட்டியில் "இலங்கையில் தோட்டக்காரர்" என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். சில சாசனங்களில் இங்குள்ள பிள்ளைகளுக்கு விட்ட தொகையும் உண்டு. மற்றது பெற்றோரின் கல்லறைக் கல். கடல் கடந்து செத்த பிள்ளைகளின் பெயரையும் அதே கல்லில் கீழே பொறிப்பது அவர்களுடைய வழக்கம். அந்தந்த மாவட்டக் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் இந்த வாசகங்களைப் படியெடுத்து வைத்திருக்கின்றன. அபர்டீனில் உள்ள சங்கத்தின் வெளியீடுகள் நன்றாக இருக்கும். எங்கள் துரையின் பெற்றோர் கல்லில் அவர் பெயரும் "இலங்கையில் இறந்தார்" என்பதும் ஆண்டும் இருக்கிறது. இங்கே அவருக்குக் கல்லும் இல்லை.

தாயின் பெயரையும் தேடுங்கள்

எல்லாம் செய்து முடித்தபின்னும் ஒரு பாதி காலியாக இருக்கும். அந்த 1861ஆம் ஆண்டுப் பதிவில் தாய்க்கு ஒரு கிறிஸ்தவப் பெயர் மட்டும்தான். தகப்பன் யார், எந்த ஊர், ஒன்றும் இல்லை. துரையின் வம்சத்தை 1700கள் வரைக்கும் கொண்டுபோன எனக்கு அது பொறுக்கவில்லை. எங்களைப் பெற்றுவளர்த்த வழி அவளுடையது. வெள்ளைக்காரப் பூட்டனைப் பற்றிப் பெருமையாகக் கதைக்கிற வீடுகளில்கூட அவளை யாரும் கேட்பதில்லை.

அவளைத் தேடும் இடம் காணி உறுதிகள். துரைமார் சிலர் ஊருக்குப் போகுமுன், அல்லது நோயில் கிடக்கும்போது, பிள்ளைகளின் தாய்க்கு ஒரு துண்டுக் காணியை நன்கொடையாக எழுதிவைத்தார்கள். நொத்தாரிஸ் எழுதும்போது "இன்னாரின் மகள் இன்னார், இன்ன ஊர்" என்று சொல்லியே எழுதவேண்டும். தேவாலயத்தில் விட்டுப்போனது அங்கே இருக்கும். இன்று உங்கள் குடும்பத்திடமோ, குடும்பம் விற்ற ஒருவரிடமோ இருக்கிற உறுதியில் தொடங்குங்கள். அதன் உள்ளே "முன் உறுதி" என்று இலக்கமும் திகதியும் நொத்தாரிஸ் பெயரும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு காணிப் பதிவகத்தில் பின்னோக்கிப் போகவேண்டும். காணியின் பெயரைத் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். ஒரே காணி பிரிந்து பிரிந்து பல பரப்புகளாகியிருக்கும், எல்லைக்காரர் மாறியிருப்பார்கள், ஆனால் காணியின் பெயர் மாறாது. எல்லையில் வருகிற பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கெல்லைக்காரர் பல தடவை அவளுடைய சகோதரனாகத்தான் இருப்பார். சீதன உறுதி கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் அவளுடைய தாய் தகப்பன் இருவரும் வருவார்கள்.

நான் அப்படிப் போய் அவளுடைய தகப்பன் பெயரையும் ஊரையும் எடுத்தேன். பளைக்குத் தெற்கே ஒரு சிறு கிராமம். இப்போது அந்த ஊர்ச் சபையின் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.